வெள்ளைப் பட்டுக்கு ஒரு பாக்கெட் பிரெட்

எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர்கள் பிரவுன் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். மேய்ப்பர்களுக்கும் பிரவுன்தான். யார் தூதன், யார் மேய்ப்பன் என்று தெரிவதற்காகத் தூதர்களின் முதுகில் மட்டும் அட்டை இறக்கை கட்டியிருக்கும். வெளியூர்ப் போதகர் ஒருவர் புதிதாக வந்த வருஷம், பிரியமாக எல்லாத் தூதர்களுக்கும் வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தார். சர்ச் வாசலில் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் அத்தனை அங்கியும் அடுப்புத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் அவரே போய் பிரவுன் துணி வாங்கி வந்தார்.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சுரங்கம் கொஞ்சம் தள்ளி இருந்தது. பிறகு ஒவ்வொரு வயலாகத் தின்றுகொண்டு பக்கத்தில் வந்துவிட்டது. கரி கொண்டுபோகிற பெல்ட் ஓடும்போது காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், கொடியில் காய்கிற துணி முதல் வாயில் இருக்கிற எச்சில் வரை கறுத்துவிடும். சுரங்கத்திலிருந்து இறைத்துக் கொட்டுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும். ஏரிக்கு வந்தது கிணற்றுக்கும் வரும். அதனால் எங்கள் ஊர் வீடுகளில் பானைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் இருக்காது, கண்ணாடி டம்ளர் இருக்கும். தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மேலே படலம் மிதக்கிறதா, அடியில் கறுப்பாக ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்போம். விருந்தாளி வந்தாலும் அப்படித்தான். அவரும் தூக்கிப் பார்ப்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் ஊரில் வெள்ளைப் புடவை கட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட கடைசி ஆள் என் அம்மா. பிறந்த ஊர் வேறு என்பதால் அவளுக்கு விவரம் தெரியவில்லை. பெண் வீட்டார் தங்கியிருந்த வீட்டிலிருந்து சர்ச் வரைக்கும் பேண்டு வாத்தியத்தோடு நடந்து வந்தாளாம். பாதி வழியில் காற்று திரும்பியது. போட்டோவில் அம்மாவின் இரண்டு தோளும் கறுத்திருக்கும், முந்தானையில் புகை படிந்த மாதிரி கோடு கோடாக இருக்கும். அந்த ஆல்பம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அம்மா அதைக் கல்யாண போட்டோ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "கரி போட்டோ" என்றுதான் சொல்வாள்.

அதற்குப் பிறகு எங்கள் சாதிசனத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் சந்தனக் கலர்தான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் கரி காரணம் இல்லை, என் வாய்தான் காரணம் என்று பெரியம்மா சொல்வாள்.

நானும் தங்கையும் பல வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறோம். காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடி எங்களுடையது. நான் டூவீலர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். அவள் கம்ப்யூட்டர் கம்பெனி. கூட வேலை செய்த பையனையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தாத்தா காலத்திலிருந்தே காக்ஸ் டவுன்வாசிகள், தமிழ் கிறிஸ்தவர்கள். கல்யாணம் அவர்கள் சர்ச்சில் என்று முடிவானது. முடிவான அன்றே தங்கை அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அம்மா, நான் வெள்ளைதான் கட்டுவேன். பால் வெள்ளை."

"சந்தனக் கலர் எடுடி."

"இது பெங்களூரும்மா. இங்க சுரங்கம் இல்ல."

"காத்து இல்லையா?"

"காத்து இருக்கு. கரி இல்ல."

"எந்தக் காத்துல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் போனைப் பிடுங்கி அம்மாவைத் திட்டினேன். இல்லாத கரிக்குப் பயந்து சாமியார் கலரில் கல்யாணம் பண்ண வேண்டுமா என்று கத்தினேன். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிதானமாகச் சொன்னாள்: "வெள்ளையே கட்டட்டும். ஆனா ஒரு பொட்டுக் கரி இல்லாம அவ பீடத்துல போய் நிக்கணும். நான் அத என் கண்ணால பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அன்றிலிருந்து எனக்கும் தங்கைக்கும் அந்தக் கல்யாணத்தில் அது ஒன்றுதான் வேலை. மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் யாரோ பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் வெள்ளையைப் பார்த்துக்கொண்டோம்.

புடவை எடுக்க சிவாஜிநகர் போனோம். அம்மா வீடியோ காலில் வந்தாள். கடைக்காரர் விரித்த ஒவ்வொரு புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு புடவை வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. கடைசியில் போனைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, இது வெள்ளை இல்லேன்னா பாலும் வெள்ளை இல்லை. அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"வாசல்ல பஸ்ஸு புகை வருதே?"

"புகை வந்தா உங்களுக்கு அங்கே வாசனை வருதா?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தப் புடவையையே எடுத்தோம். அதை ஊருக்குக் கொண்டு வரவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஊர்ச் சர்ச்சில் வைத்து ஜெபம் பண்ண வேண்டும் என்று பெரியம்மா கேட்டதற்கு, "கடவுளுக்குப் பெங்களூருக்கு வழி தெரியும்" என்று வாயை அடைத்தாளாம். எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று பெரியம்மா இனி கேட்கக் கூடாது.

கல்யாணம் ஜனவரியில். முந்தின நாள் விடியற்காலையில் ஊர் ஜனம் வேனில் வந்து இறங்கியது. அம்மா, அப்பா, பெரியம்மா, இரண்டு அத்தைகள், இன்னும் ஒரு கூட்டம். பெங்களூர் பனி நன்றாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மரம் பாதிதான் தெரிந்தது. நான் அவர்களுக்காக ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். அம்மா மாடி ஏறி வந்தாள், பையைக் கீழே போட்டாள், "ஐயையோ" என்று ஓடிப்போய் ஒவ்வொரு ஜன்னலாக அடித்துச் சாத்தினாள். அத்தைகள் இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டைக் கவிழ்த்தாள். ஒரு நிமிஷத்தில் வீடு பூட்டின கோட்டை மாதிரி ஆகிவிட்டது.

"இதுதாண்டி சொன்னேன்! என்னா புகை பாரு!"

"அம்மா, அது பனி."

"பனியா?"

"பனிதான். வெயில் வந்ததும் போயிடும்."

அம்மா ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தாள். வெளியே கையை நீட்டினாள். விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைத் தன் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். ஈரம். அப்பா மட்டும் மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டார். பெல்ட் ஓடுகிற இடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த மனுஷன். நெஞ்சில் இருக்கிற இரைச்சல் பக்கத்து அறைக்குக் கேட்கும். பனியை இழுத்து இழுத்து மூச்சு விட்டுவிட்டு இறங்கி வந்து, "ஐஸ்கிரீம் மாதிரி இருக்குது" என்றார்.

எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்கள். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. ராத்திரி வண்டியை வெளியே விட்டால் சீட்டில் தூசி படிகிறது, இந்த ஊரில் மனுஷன் வாழ முடியாது என்பார். அவர் வீட்டில் லிஃப்ட், ஏசி, தண்ணீர் சுட வைக்கிற மிஷின் எல்லாம் உண்டு. அந்தக் கரண்டுக்கு எங்கேயோ ஒரு ஊர் கறுக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் நான் சொன்னேன். மேனேஜரிடம் புகார் கொடுத்துவிட்டார். கொடுக்கட்டும்.

அன்று சாயங்காலம் அம்மா புடவை இருந்த என் பீரோவைச் சோதனை போட்டாள். உள்ளே தட்டில் விரலால் இழுத்தாள், விரல் சுத்தமாக இருந்தது. மேல் தட்டிலும் இழுத்தாள். அங்கேயும் சுத்தம். நான் ஒரு வாரமாகத் துடைத்த பீரோ அது. இருந்தாலும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பையிலிருந்து ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்தாள். கல்யாணத்துக்கென்றே மூன்று தடவை துவைத்து, அறைக்குள்ளேயே காய வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்த விரிப்பு. பட்டுப் புடவையை அதில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். மூலையை மடித்து உள்ளே செருகினாள். பீரோவைப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப என்னா வரும்னு பாக்கலாம்" என்றாள், காற்றைப் பார்த்து.

கல்யாணத்தன்று காலையில் தங்கை தலைவாரி, நகை போட்டு, உள்பாவாடையோடு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அம்மா பீரோவைத் திறந்தாள். விரிப்பைக் கட்டிலில் வைத்துப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றாள்.

முந்தானைப் பக்கம், மடிப்பு ஓரத்தில், விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் சின்னது.

யாருக்கும் புரியவில்லை. பெங்களூரில் பூட்டின பீரோவுக்குள் கரி எப்படி வந்தது? பெரியம்மாதான் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஓரம் மடித்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையலுக்குள் விரலை விட்டாள். விரல் கறுப்பாக வெளியே வந்தது. எத்தனை தடவை துவைத்தாலும் மடித்துத் தைத்த இடத்துக்குள் போன கரி போகாது. அம்மா அதைக் காப்பாற்றி, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகக் கட்டி, வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். பெங்களூரிலேயே கரி இருந்த ஒரே துணியைத் தேடி எடுத்து அதில் பட்டுப் புடவையைச் சுற்றியிருக்கிறாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "நானே கொண்டாந்துட்டேனா?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த விரிப்பை ஜன்னல் வழியாக எறியப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

"உதறாதடி மூதேவி! இருக்கிற கரியெல்லாம் மேல விழும். மெதுவா வை. யாரும் தண்ணி தொடக் கூடாது. யாரும் ஊதக் கூடாது. கோதுமை மாவு எங்க இருக்கு?"

எங்கள் ஊரில் துணியில் கரி பட்டால் தேய்க்க மாட்டோம். தேய்த்தால் உள்ளே போய்விடும், தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடித்து, அதைக் கரியின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்போம். கரி உருண்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் என் வீட்டில் மாவு இல்லை. சாப்பிடுவது பாதி நாள் வெளியேதான்.

"மாவு கூட வைக்காம என்னா குடும்பம் நடத்துறே?"

"நான் எங்க குடும்பம் நடத்துறேன்?"

"அதான் தெரியுதே. பிரெட்டு கிடைக்குமா? இன்னைக்குப் போட்டது. ஈரம் இல்லாம, மெத்துனு இருக்கணும்."

பிரெட் கிடைக்காவிட்டால் அது என்ன காக்ஸ் டவுன்? தெருமுனையிலேயே பேக்கரி. செருப்புப் போடாமல் ஓடினேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப் புடவை, தலையில் பூ, கழுத்தில் நகை, வெறுங்கால். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"இன்னைக்குப் போட்டதா?" என்றேன்.

"சூடாவே இருக்குது மேடம். கல்யாணமா?"

"ஆமா."

"கல்யாண வீட்ல டிபன் இல்லியா?"

"சாப்பிட இல்ல. கொடுங்க சீக்கிரம்."

திரும்பி வந்தபோது கட்டிலில் சுத்தமான புதுத் துண்டு விரித்து, அதன் மேல் முந்தானையைப் பரப்பி வைத்திருந்தார்கள். பெரியம்மா, இரண்டு அத்தைகள், நான், நாலு பேரும் சுற்றி மண்டிபோட்டு உட்கார்ந்தோம். பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்துத் தங்கையிடம் கொடுத்தோம். நடு வெள்ளையை மட்டும் எடுத்து, லேசாக அமுக்கி, கோட்டின் மேல் வைத்து, நேராக மேலே தூக்கினோம். முதல் துண்டிலேயே கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. "வருது, வருது" என்றாள் சின்ன அத்தை. ஒற்று, தூக்கு, புது பிரெட் எடு. தங்கை உள்பாவாடையோடு நாற்காலியில் உட்கார்ந்து பிரெட் ஓரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதற்றமே இல்லை. "ஜாம் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். அடிக்கக் கை ஓங்கினேன். கல்யாணப் பெண் என்பதால் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை உள்ளே வந்தார். ரிட்டையர் ஆன டீச்சர், வயசானவர், அவர்கள் சர்ச்சில் எல்லாருக்கும் ஆன்ட்டி. பெண்ணுக்குக் கையில் பிடிக்கிற பூச்செண்டை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்க்கிறார்: நாலு பெண்கள் மண்டிபோட்டு, வெள்ளைப் புடவையைச் சுற்றி, தலை குனிந்து, ஒன்றும் பேசாமல் பிரெட்டை எடுத்து எடுத்துப் புடவையின் மேல் வைக்கிறார்கள். கட்டிலில் ஒரு அம்மா கையைக் கோத்துக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

ஆன்ட்டி பூச்செண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே தலை குனிந்து நின்றுவிட்டார்.

நாங்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. கோடு மங்கியது, பிறகு நிழல் மாதிரி ஆனது, பிறகு அதுவும் இல்லை. பெரியம்மா புடவையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். முந்தானையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினாள். அம்மாவை எழுப்பி நிறுத்தி அவளையும் பார்க்கச் சொன்னாள். அம்மா மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போச்சு" என்றாள். "போயே போச்சு!"

"ஆமென்" என்றார் ஆன்ட்டி, வாசலில் இருந்து.

எல்லாரும் திரும்பினோம். அவர் கண் கலங்கியிருந்தது. "சாரிம்மா, டிஸ்டர்ப் பண்ணிட்டேன். என்னா அழகான வழக்கம்! எங்கள்ல இது இல்ல. எந்த பேக்கரி பிரெட்டு? அந்த முனைக் கடையா? எங்க சர்ச்ல பிட்டுக் கொடுக்கிற திருவிருந்துக்கும் அங்கேருந்துதான் வாங்குறோம்."

பெரியம்மா வாயைத் திறந்தாள். அம்மா அவள் காலை மிதித்தாள். நானே வாயை மூடிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்குப் புடவை கட்டினோம். அதற்குள் அம்மா புதுத் துவாலைகளை வைத்துக் காருக்குள் சீட்டை மூடிவிட்டாள். சர்ச் வாசலில் கார் நின்றதும் அத்தைகள் இரண்டு பேரும் அந்தத் துவாலைகளைச் சேர்த்துத் தங்கையின் தலைக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கரியும் இல்லை. ஆனாலும் பிடித்தார்கள். அவர்களால் பிடிக்காமல் இருக்க முடியாது. ஆன்ட்டி இதையும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர்களும் வந்து ஆளுக்கொரு முனையைப் பக்தியோடு பிடித்துக்கொண்டார்கள். தங்கை உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே நடந்தாள். வாசலில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். ஆர்மோனியக்காரர் பாட்டை அதற்கேற்ற மாதிரி இழுத்தார்.

தங்கை பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா முதல் வரிசையில் இருந்தாள். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடினோம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. தங்கையின் தோள், முதுகு, முந்தானை, கீழ்க்கரை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாலி கட்டும்போதுகூடத் தாலியைப் பார்க்கவில்லை. தோளைத்தான் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். ஆன்ட்டி மைக்கைப் பிடித்தார். இரண்டு வீட்டாரையும் வரவேற்றுவிட்டு, "பெண் வீட்டாரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பித்தார். பிரெட்டால் புடவையை ஆசீர்வதிப்பதைச் சொன்னார். மணமகளின் மேல் நிழல் பிடிப்பதைச் சொன்னார். இதெல்லாம் எவ்வளவு பழைய வழக்கமோ, நாம் பட்டணத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம் என்றார். எங்கள் ஊர் ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பெரியம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பரிமாறுகிறவர்கள் எங்கள் வரிசைக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். புது இடம், புதுத் தண்ணீர். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மொத்த வரிசையும் டம்ளரை எடுத்து, மேடை விளக்கைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தது. மேடையில் மாப்பிள்ளையின் மாமா திராட்சை ரசத்தை வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லி எல்லாரையும் கோப்பையைத் தூக்கச் சொல்ல வேண்டியவர் அவர். பெண் வீட்டார் தனக்கு முன்னாலேயே தூக்கிவிட்டதைப் பார்த்தார். பதறிப்போய் மைக்கைப் பிடுங்கி, "சியர்ஸ்! மணமக்கள் நீடூழி வாழ்க!" என்று கத்தினார். மண்டபமே எழுந்து கோப்பையைத் தூக்கியது. எங்கள் ஆட்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு இந்த ஊரில் இவ்வளவு கொண்டாட்டமா என்று சின்ன அத்தை நினைத்தாளாம். அப்புறம் அவர்களும் "சியர்ஸ்" என்று கத்திவிட்டு மடக் மடக்கென்று குடித்தார்கள். அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலோடு சிரித்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஆன்ட்டி எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "அண்ணே, இந்த பிரெட்டு வழக்கம் உங்கள்ல எந்தக் காலத்துலேருந்து?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுரங்கம் வந்த காலத்துலேருந்து" என்றார்.

ஆன்ட்டிக்குப் புரியவில்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அது கரி" என்றேன். விரிப்பு, தையல், கோடு, டம்ளர், அம்மாவின் போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் நாசூக்காகச் சொல்ல முடியவில்லை. கேட்கிறவரும் நாசூக்கை எதிர்பார்க்கவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சொல்லி முடித்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அங்க ஆமென் வேற சொன்னேனே."

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள் அம்மா. "கரி போச்சுல்ல?"

"மைக்ல வேற சொல்லிட்டேன். நாளைக்கு இந்த காக்ஸ் டவுன்ல ஒருத்தி பிரெட்டு வாங்கிட்டு வந்து நிப்பாளே!"

"நிக்கட்டும் விடுங்க" என்றாள் பெரியம்மா. "பேக்கரிக்காரன் பொழைப்பான்." ஆன்ட்டிக்கு அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவே இல்லை. பெரியம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

மறுநாள் ஊர் ஜனம் கிளம்ப வேண்டும். பட்டுக் கட்டினால் மடித்து வைக்கும் முன் நிழலில் கொஞ்சம் காற்றாடப் போட வேண்டும் அல்லவா. எங்கள் ஊரில் அதைக் கதவைச் சாத்திவிட்டு, ஃபேனுக்குக் கீழேதான் போடுவோம். நான் ஃபேனைப் போட்டுவிட்டுப் புடவையைத் தேடினேன். கட்டிலில் இல்லை. அம்மாவும் இல்லை.

மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கொடி கட்டி, அதில் புடவையை முழு நீளத்துக்கு விரித்திருந்தாள். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போடுவதுதான் எங்கள் பழக்கம். படிகிற கரி உள்பக்கத்தில் படியட்டும் என்பதற்காக. அம்மா நல்ல பக்கத்தையே வெளியே போட்டிருந்தாள். காற்று நன்றாக வீசியது. புடவை முழுக்க உப்பி உப்பி எழுந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு சின்னப் பூ இதழ் முந்தானையில் ஒட்டியிருந்தது. அதை எடுக்கவில்லை.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு ஹாரன்.

"அம்மா, நேரமாச்சு. நான் எடுத்து மடிச்சி வைக்கிறேன், நீ போ."

"இரு. இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும்."

"அது காஞ்சுதான்மா இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. எழுந்திருக்கவில்லை.